முதலாம் சார்ல்ஸின் மூன்று பவுண்டுப் பொற்காசும் வெலிங்டன் உறுதிமொழியும் (1642–1644)

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் மன்னர் முதலாம் சார்ல்ஸ் ஷ்ரூஸ்பரியிலும் ஆக்ஸ்போர்டிலும் வெளியிட்ட ‘டிரிபிள் யுனைட்’ என்னும் பொற்காசு, சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்ட ஆங்கிலேயப் பொற்காசுகளுள் மிகப்பெரியது. இதன் பின்புறத்தில் மன்னர் நாட்டு மக்களுக்கு அளித்த உறுதிமொழி ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. மன்னரின் பெயரும் உருவமும் போரிட்ட இரு தரப்பினரின் காசுகளிலும் இடம்பெற்ற ஒரு சூழலில், அவ்வுறுதிமொழி ஏன் தேவைப்பட்டது, அது யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாணயவியல், இங்கிலாந்து உள்நாட்டுப் போர், முதலாம் சார்ல்ஸ், ஆக்ஸ்போர்டு நாணயச்சாலை, வெலிங்டன் உறுதிமொழி.

காசின் அமைப்பு

யுனைட் என்னும் பொற்காசு 1604ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னரால் அறிமுகப்படுத்தப்பட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இரு முடிகளும் தம் ஒருவர் தலையில் இணைந்ததை அறிவிக்க அவர் தேர்ந்த பெயர் அது. ‘ஒன்றிணைப்பு’ என்பது அதன் பொருள். அவருடைய மகன் சார்ல்ஸின் காலத்தில் ஒரு யுனைட் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு மதிப்புடையதாக இருந்தது. இதன் மும்மடங்கே நாம் எடுத்துக்கொண்ட காசு. 60 ஷில்லிங் மதிப்பும் ஏறத்தாழ 27.3 கிராம் எடையும் 22 காரட் தரமும் கொண்ட இதன் குறுக்களவு நாலரை சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. தென்னிந்தியாவில் அக்காலத்தில் வழங்கிய, ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள வராகன்கள் எட்டினைச் சேர்த்தால் இந்த ஒற்றைக் காசின் எடை கிட்டும். எட்டு கிராமை ஒரு பவுன் என்று கணக்கிடும் இன்றைய தமிழகப் பொற்கடை வழக்கில் இது மூன்றரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு.

முன்புறத்தில் முடிசூடிய மன்னர் போர்க்கவசத்துடன் இடப்பக்கம் நோக்கி அரையுருவமாகக் காட்சி தருகிறார். ஒரு கையில் வாள், மறு கையில் ஒலிவக் கிளை. போரும் அமைதியும் ஒருங்கே தம் கையில் உள்ளன என்பதே இதன் குறிப்பு. அவர் தலைக்குப் பின்னால் ஓர் இறகுக்கொத்துச் சின்னம் உள்ளது. சுற்றிலும் பெரிய பிரித்தானியா, பிரான்சு, அயர்லாந்து ஆகியவற்றின் அரசர் என்னும் பட்டம் இலத்தீனில் சுருக்கி எழுதப்பட்டுள்ளது. பிரான்சின் மீது ஆங்கிலேய மன்னருக்கு அக்காலத்தில் எவ்வுரிமையும் நடைமுறையில் இல்லை. பட்டம் மட்டும் பழைய வழக்கின்படி தொடர்ந்தது.

பின்புறம் முற்றிலும் வேறு வகையானது. வழக்கமாக அரச கேடயம் இடம்பெற வேண்டிய நடுப்பகுதியில் எழுத்துகள் மட்டுமே உள்ளன: ‘ரெலிக் ப்ராட் லெக் ஆங் லிபெர் பார்’. இது மூன்று தொடர்களின் சுருக்கம். சீர்திருத்தத் திருச்சபையினரின் சமயம், இங்கிலாந்தின் சட்டங்கள், நாடாளுமன்றத்தின் உரிமை என்பன அம்மூன்று. மேலே மூன்று இறகுக்கொத்துகளும் மதிப்பைக் குறிக்கும் உரோம எண்ணும், கீழே ஆண்டும் உள்ளன. விளிம்பைச் சுற்றி, இறைவன் எழுந்தால் அவனுடைய பகைவர் சிதறுவர் என்னும் கருத்துடைய, விவிலியத்தின் 68ஆம் திருப்பாடலைத் தழுவிய வாசகம் ஓடுகிறது. கேடயத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஓர் அரசியல் அறிக்கையை வைத்தது ஆங்கிலேய நாணய வரலாற்றில் புதுமை. அப்புதுமைக்கான காரணமே நம் வினா.

நம்பிக்கை குலைந்த ஆண்டு

வினாவுக்கான விடையைப் போர்க்களத்தில் தொடங்காமல் 1640ஆம் ஆண்டில் தொடங்குவது பொருத்தம். ஸ்காட்லாந்துடனான போரால் கருவூலம் வறண்டிருந்த அவ்வாண்டு சூலையில், இலண்டன் கோட்டையிலிருந்த நாணயச்சாலையில் வணிகர்கள் காசாக அடிப்பதற்காக ஒப்படைத்திருந்த வெள்ளியையும் பொன்னையும் மன்னர் தடுத்துவைத்தார். அதன் மதிப்பு ஏறத்தாழ 1,30,000 பவுண்டு. வணிகர்களிடையே எழுந்த கொந்தளிப்பினால், 40,000 பவுண்டு கடன் பெற்றுக்கொண்டு எஞ்சியதை விடுவிக்க வேண்டியதாயிற்று. அதே கோடையில் செம்பு மிகுதியாகக் கலந்த தரங்குறைந்த வெள்ளிக்காசுகளை வெளியிடும் திட்டம் ஒன்றும் முன்வைக்கப்பட்டது. சர் தாமஸ் ரோ அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார், திட்டம் கைவிடப்பட்டது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஆங்கிலேயத் தூதராக வந்த அதே ரோதான் இவர்.

அவ்வாண்டின் மூன்றாம் நிகழ்வு இந்தியக் கடல்வணிகத்துடன் தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் கிடங்கிலிருந்த மிளகை மன்னர் 63,000 பவுண்டுக்கு மேற்பட்ட விலைக்குக் கடனாக வாங்கி, உடனடியாக ரொக்கத்திற்கு 50,000 பவுண்டு அளவில் விற்றுவிட்டார். கடனைத் திரும்பப் பெறக் கம்பெனி நெடுங்காலம் அலைய நேர்ந்தது. சோழமண்டலக் கரையில் அக்கம்பெனி தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் 1639இல் பெற்ற உரிமையைக் கொண்டு சென்னைக் கோட்டையை எழுப்பத் தொடங்கியதும் இதே காலம். நாயக்கர் அளித்த உரிமைகளுள் காசு அடிக்கும் உரிமையும் ஒன்று என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாத நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த நிலையே 1640இல் இலண்டனில் நிலவியது. இலண்டன் நாணயச்சாலைக் காசின் தரத்தில் குறையில்லை. ஆயின் அச்சாலையின் தலைவரான மன்னரின் வாக்கில் வணிகர்களுக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மன்னர் தம் வாக்கையே காசில் பொறிக்க முற்பட்டபோது, கடன் கொடுக்கும் நிலையிலிருந்த எவரும் இவற்றை மறந்திருக்க முடியாது.

ஒரே மன்னர், இரண்டு நாணயச்சாலைகள்

1642 சனவரி 4ஆம் நாள் நாடாளுமன்றக் கீழவையினுள் படைவீரர்களுடன் சென்று ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய மன்னர் முயன்றார். அவர்கள் முன்னரே தப்பிவிட்டிருந்தனர். ஒரு வாரத்திற்குள் மன்னர் இலண்டனை விட்டு வெளியேறினார். இதன் விளைவாக நாட்டின் தலைமை நாணயச்சாலை நாடாளுமன்றத்தின் கைக்குள் சென்றது. ஆகஸ்டு 22இல் நாட்டிங்காமில் மன்னர் போர்க்கொடி ஏற்றினார்.

இங்குக் கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. நாடாளுமன்றம் தன் நாணயச்சாலையில் புதுவகைக் காசுகளை அடிக்கவில்லை. மன்னரின் பெயரையும் உருவத்தையும் தாங்கிய பழைய வகைக் காசுகளையே 1649 வரை வெளியிட்டது. அடைப்புக்குறிக்குள் ‘பி’, ‘ஆர்’ போன்ற எழுத்துகள் அமைந்த சிறு அடையாளங்களைக் கொண்டே அக்காசுகள் போர்க்காலத்தவை என நாணயவியலார் இனங்காண்கின்றனர். மன்னராட்சி என்னும் அமைப்பு வேறு, தவறான ஆலோசகர்களால் சூழப்பட்ட மன்னர் என்னும் தனிமனிதர் வேறு என்பது நாடாளுமன்றத் தரப்பின் வாதம். எனவேதான் அதன் படைகள் ‘மன்னருக்காகவும் நாடாளுமன்றத்திற்காகவும்’ போரிடுவதாகக் கூறிக்கொண்டன. மன்னரை எதிர்த்துச் செல்லும் படைவீரனுக்கு மன்னரின் முகம் பொறித்த காசே ஊதியமாக வழங்கப்பட்டது.

இந்நிலையில் மன்னர் தம் காசில் தம் முகத்தைப் பொறிப்பதால் எந்த வேறுபாடும் புலப்படாது. எடையிலும் தரத்திலும் இலண்டன் காசிலிருந்து விலகினால் சந்தையில் யாரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே, இலண்டன் காசில் இல்லாத ஒன்று தேவைப்பட்டது. உருவத்தால் உணர்த்த இயலாததை எழுத்தால் உணர்த்த வேண்டியிருந்தது. பின்புறத்தில் கேடயம் நீங்கி உறுதிமொழி ஏறியதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனை வெறும் பரப்புரை என்று கூறி அமைவது போதாது.

வெலிங்டனில் கூறியது

செப்டம்பர் 19ஆம் நாள், ஷ்ரூஸ்பரியை நோக்கிச் செல்லும் வழியில் ஷ்ரோப்ஷயரின் வெலிங்டன் என்னும் ஊரில் மன்னர் தம் படையை நிறுத்தி உரையாற்றினார். சீர்திருத்தத் திருச்சபையின் சமயத்தையும் நாட்டின் சட்டங்களையும் நாடாளுமன்றத்தின் நியாயமான உரிமைகளையும் காப்பதாக அவ்வுரையில் உறுதியளித்தார். காசில் உள்ள மூன்று தொடர்களும் இதன் சாரமே.

இக்கருத்துகள் அன்று திடீரெனத் தோன்றியவை அல்ல. சூன் மாதத்தில் நாடாளுமன்றம் அனுப்பிய பத்தொன்பது முன்மொழிவுகளுக்கு மன்னரின் பெயரில் வெளிவந்த மறுமொழி, மன்னர், மேலவை, கீழவை ஆகிய மூன்றும் இணைந்தே சட்டம் இயற்றுகின்றன என்னும் கொள்கையை விளக்கியிருந்தது. அதை வரைந்தவர்கள் ஃபாக்லாந்து பிரபுவும் சர் ஜான் கல்பெப்பரும். நாடாளுமன்றம் இல்லாமலே 1629 முதல் 1640 வரை ஆண்ட ஒருவர், இப்போது நாடாளுமன்றத்தின் எல்லையை மீறுவோர் எதிர்த்தரப்பினரே என்று குற்றஞ்சாட்டினார். எதிரியின் முழக்கங்களை எடுத்துத் தம் கொடியில் எழுதிக்கொண்ட உத்தி இது. பாதி வெற்றியும் தந்தது. முந்தைய ஆண்டு மன்னரின் கொள்கைகளை எதிர்த்த மிதவாதிகள் பலர் 1642இல் அவர் பக்கம் வந்து சேர்ந்தனர். ஃபாக்லாந்தே அதற்குச் சான்று.

ஷ்ரூஸ்பரியிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு

உறுதிமொழியைக் காசாக்கும் பணி தாமஸ் புஷெல் என்பவரிடம் வந்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கங்களில் கிடைத்த வெள்ளியைக் காசாக்குவதற்காக 1637 முதல் ஆபரிஸ்ட்வித்தில் இயங்கிய நாணயச்சாலை அவர் பொறுப்பில் இருந்தது. மன்னரின் காசுகளில் தொடர்ந்து காணப்படும் இறகுக்கொத்து அச்சாலையின் அடையாளமே. புஷெல் 1642 இலையுதிர்காலத்தில் ஷ்ரூஸ்பரிக்கு இடம்பெயர்ந்தார். அங்கு அடிக்கப்பட்ட மூன்று பவுண்டுப் பொற்காசு மிகமிக அரியது. எட்ஜ்ஹில் போர் (அக்டோபர் 23) முடிவின்றி முடிந்தபின் மன்னர் ஆக்ஸ்போர்டைத் தலைநகராக்கிக்கொள்ள, 1643 சனவரித் தொடக்கத்தில் நாணயச்சாலையும் அங்கு வந்து நியூ இன் ஹால் என்னும் கட்டடத்தில் அமைந்தது. அவ்விடம் இன்று செயிண்ட் பீட்டர்ஸ் கல்லூரியின் பகுதியாக உள்ளது.

காசில் உள்ள ஆண்டைக் கையாளும்போது ஆய்வாளர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அன்றைய ஆங்கிலேய வழக்கில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. நாம் இன்று 1643 சனவரி என்பதை அவர்கள் 1642 சனவரி என்றே எழுதினர். ஆகவே ‘1642’ என்று ஆண்டு பொறித்த ஆக்ஸ்போர்டுக் காசுகள் அனைத்தும் மூன்று மாதத்திற்கும் குறைந்த காலத்தில், நம் கணக்கில் 1643 சனவரிக்கும் மார்ச் 24க்கும் இடையே அடிக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். இதே வகையில் ‘1643’ என்று பொறித்தவை 1644 மார்ச் வரை நீளக்கூடும். இவ்வேறுபாட்டைக் கருதாது காசுகளை நிகழ்ச்சிகளோடு பொருத்தினால் காலவரிசை பிறழும்.

அச்சனவரி மாதத்தில்தான் மன்னர் ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளுக்கு மடல் எழுதி, அவற்றிடம் இருந்த வெள்ளிப் பாத்திரங்களைக் கடனாகக் கேட்டார். வெறும் வெள்ளிக்கு அவுன்சுக்கு 5 ஷில்லிங், பொன்முலாம் பூசியதற்கு 5 ஷில்லிங் 6 பென்னி என்று விலை கணக்கிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மாணவர்களும் புரவலர்களும் வழங்கிய கிண்ணங்களும் குவளைகளும் உலைக்குச் சென்றன. கடன் திரும்பவில்லை. 20 ஷில்லிங் மதிப்பும் ஏறத்தாழ 120 கிராம் எடையும் உடைய மாபெரும் வெள்ளிக்காசுகளும் இங்கு அடிக்கப்பட்டன. அவசரத்தில், உலோகத்தைச் சிறுசிறு வட்டுகளாக வெட்டுவதைவிடப் பெரிய வட்டுகளாக அடிப்பது உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது இத்தகைய பெருங்காசுகளுக்குத் தரப்படும் விளக்கம். வெள்ளியைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கது. பொன்னுக்கு முழுமையாகப் பொருந்தாது. நுணுக்கமான உருவம், எழுத்து அமைந்த அச்சுகளைச் செதுக்கும் உழைப்பு சிறிதன்று; மூன்று பவுண்டுக் காசுக்குப் பல வேறு அச்சுகள் செதுக்கப்பட்டுள்ளன. 1642இன் தனித்தனி வரிகள் பிறகு நீண்டு வளைந்தோடும் சுருளின் மேல் எழுதப்பட்ட வாசகமாக மாறின. ஆக்ஸ்போர்டைக் குறிக்கும் ‘ஆக்ஸன்’ என்னும் சொல்லும் சேர்ந்தது. இது அவசர வேலையின் போக்கன்று.

யாருக்குக் கூறிய வாக்கு?

நாடாளுமன்றப் படையின் காலாள் ஒருவனின் நாள் ஊதியம் 8 பென்னி. 60 ஷில்லிங் என்பது 720 பென்னி. தொண்ணூறு நாள் ஊதியம். மன்னர் படையின் காலாளும் இதனினும் வளமாக வாழ்ந்தவன் அல்லன். எனவே சாதாரண வீரன் கையில் இக்காசு சென்றிருக்க வாய்ப்பில்லை. அவனுக்குரியவை அரைக்கிரௌன், ஷில்லிங் முதலிய வெள்ளிக்காசுகள். அவற்றிலும் இதே உறுதிமொழி உண்டு என்பது உண்மையே. ஆயினும் சுருக்கப்பட்ட இலத்தீனைப் படித்துப் பொருள் கொள்ளக்கூடியவர்கள் படைவரிசையில் எத்தனை பேர் இருந்திருப்பர்? இலத்தீன் கற்ற நிலவுடைமைக் குடியினர், குருமார், வழக்கறிஞர், பல்கலைக்கழகத்தார், படைத்தலைவர் ஆகியோரே அவ்வெழுத்துகளை விரித்துப் படித்திருக்க முடியும். மன்னருக்குப் பணமும் குதிரைகளும் ஆட்களும் தர வேண்டியவர்களும், இரு தரப்புக்கும் இடையே தயங்கி நின்றவர்களும் இவர்களே. பொற்காசு சென்றடையும் கைகளும் இவையே. வெள்ளிப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வெறும் கடன்சீட்டைப் பெற்ற கல்லூரித் தலைவர், இப்பொற்காசு ஒன்றைக் கையில் ஏந்தினால் அதில் காண்பது மன்னரின் கையெழுத்தில்லாத ஒரு பத்திரத்தை. காசு விலைக்கருவியாகவும் பிணைமுறியாகவும் ஒருசேரச் செயற்பட்டது எனலாம்.

உறுதிமொழியின் மூன்று கூறுகளும் எவ்வாறு நிறைவேறின என்று பார்ப்பதற்கு வாய்ப்பும் விரைவில் வந்தது. 1644 சனவரி 22இல் மன்னர் தமக்கு ஆதரவான மேலவை, கீழவை உறுப்பினர்களை ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கூட்டினார். நூற்றுக்கு மேற்பட்ட கீழவை உறுப்பினர்கள் வந்தனர். ‘நாடாளுமன்றத்தின் உரிமை’ என்று பொறித்த காசு அடிக்கப்பட்ட ஊரிலேயே ஒரு நாடாளுமன்றம் அமர்ந்தது. ஆனால் அமைதிப் பேச்சை வற்புறுத்திய அவ்வுறுப்பினர்கள் மன்னருக்குச் சுமையாயினர். 1645 மார்ச்சில் அரசிக்கு எழுதிய மடலில், அக்கூட்டத்தைக் கலப்பினத்தது என்று இழிவாகக் குறிப்பிட்டு, அதன் தொல்லை நீங்கியது பற்றி ஆறுதல் கொண்டார். அதே மாதத்து மற்றொரு மடலில், உதவி கிட்டுமானால் இங்கிலாந்தில் கத்தோலிக்கர்க்கு எதிரான தண்டனைச் சட்டங்களை நீக்கிவிட அரசி வாக்களிக்கலாம் என்று இசைவளித்தார். இன்றைய நோக்கில் இது சமயப் பொறையாகத் தோன்றலாம். அன்றைய வாசகர்களுக்கோ, காசில் முதலாவதாகப் பொறிக்கப்பட்ட வாக்கை மறைவில் விலைபேசியதாகவே தோன்றியது.

இம்மடல்கள் நேஸ்பி போர்க்களத்தில் (1645 சூன் 14) மன்னரின் பெட்டகத்தோடு பகைவர் கையில் சிக்கின. நாடாளுமன்றம் அவற்றைக் காலந்தாழ்த்தாது, ‘அரசரின் பேழை திறக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் தலைப்பில் அடுத்த மாதமே அச்சிட்டு வெளியிட்டது. காசில் இலத்தீனில் சுருக்கி எழுதியதை மறுக்கும் சான்று, யாவரும் படிக்கும் ஆங்கிலத்தில், மன்னரின் சொந்தக் கையெழுத்திலிருந்தே வெளிவந்தது. ஆக்ஸ்போர்டுக் காசுகளின் பொன் எந்த உரைகல்லிலும் தேறியிருக்கும், வாசகம்தான் தேறவில்லை. எனினும் சார்ல்ஸை முழுப் பொய்யர் என்று முடிவுகட்டுவது எளிமைப்படுத்தலாகும். ‘நாடாளுமன்றத்தின் உரிமை’ என்பதற்கு அவர் கொண்ட பொருள், மன்னருக்குக் கீழ்ப்பட்ட உரிமை. இலண்டனில் இருந்தோர் கொண்ட பொருள் வேறு. மூன்றே சொற்சுருக்கங்களில் எழுதப்பட்ட வாக்கு இருவகைப் பொருளுக்கும் இடம் தந்தது. அச்சுருக்கமே அதன் வலிமையாகவும் இருந்தது.

மூன்று பவுண்டுக் காசு 1644ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அவ்வாண்டு சூலை 2இல் மார்ஸ்டன் மூரில் நேர்ந்த தோல்வியால் வடபுலம் மன்னரின் கையைவிட்டுப் போயிற்று. அதே ஆண்டுதான் தாமஸ் ராலின்ஸ் செதுக்கிய, மன்னரின் குதிரைக்குக் கீழே ஆக்ஸ்போர்டு நகரத்தோற்றம் காட்டும் புகழ்பெற்ற வெள்ளிக் கிரௌன் வெளிவந்தது. 1646 சூன் 24இல் ஆக்ஸ்போர்டு சரணடைந்தது.

மன்னர் 1649 சனவரி 30இல் கொல்லப்பட்டபின் இலண்டன் நாணயச்சாலையிலிருந்து அவர் முகம் நீங்கியது. புதிய குடியரசின் காசுகளில் இலத்தீனும் நீங்கி, இங்கிலாந்துக் குடியரசு, இறைவன் நம்மோடு என்னும் இரு தொடர்கள் ஆங்கிலத்தில் இடம்பெற்றன. அப்போதும் முற்றுகையைத் தாங்கி நின்ற பான்டிஃப்ராக்ட் கோட்டையின் மன்னர் ஆதரவாளர்கள் எண்கோண வடிவில் பொன், வெள்ளிக் காசுகளை அவருடைய மகனின் பெயரில் வெட்டினர். தந்தையின் மறைவுக்குப் பின் மகனுக்காக என்பது அவற்றின் இலத்தீன் வாசகம். சமயமும் சட்டமும் நாடாளுமன்றமும் அதில் பேசப்படவில்லை. மார்ச் மாதத்தில் கோட்டை வீழும்வரை வெட்டப்பட்ட அக்காசுகளில் உள்ள ஆண்டு, பழைய கணக்கின்படி, 1648.